கேமராவுக்குள் திருநீறு

முதல் ஒரு வாரம் அந்தக் கேமராவில் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் பையிலிருந்து எடுப்பேன், கண்ணில் வைத்துப் பார்ப்பேன், மறுபடியும் பைக்குள் வைத்துவிடுவேன். பூசை போடாமல் புதுப் பொருளைப் புழங்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்தாலும் அப்படித்தான், துணி துவைக்கும் இயந்திரம் வந்தாலும் அப்படித்தான்.

உண்மையில் அது புதியதும் இல்லை. மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்யும் ஒருவர் வேறு கேமரா வாங்கிக்கொண்டு இதை விற்றிருக்கிறார். அவள் வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டு ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் மாசாய்க்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அடுத்த மாதம் குளுவாங்கில் அவளுக்குப் பதிவுத் திருமணம். இரண்டு குடும்பமும் சேர்ந்து பத்துப் பேர்தான். கோவிலில் தாலி கட்டுவது அடுத்த வருடம். அதற்கு மண்டபம், வீடியோ எல்லாம் உண்டு. பதிவுக்கு மட்டும் வெளியாள் வேண்டாம், நான்தான் படம் எடுக்க வேண்டும் என்றாள்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"உங்க போன்ல இருக்கிற படத்தையெல்லாம் பார்த்தேன்பா. ஒரு படத்துலகூட ஆளே இல்ல. ஆனா நல்லா இருக்கு."

அது சரிதான். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இடைவேளையில் அடுக்கிவைத்த பலகைகளை எடுப்பேன், மழை வரும்போது வானத்தை எடுப்பேன். மனிதர்களை எடுக்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பது என்பது எனக்கு எப்போதும் வராத வேலை. மாப்பிள்ளை வீட்டார் காஹாங்கிலிருந்து இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு முறையும் நான் சொன்னது "வாங்க", "சாப்பிடுங்க" இவ்வளவுதான். பெண்ணின் அப்பா கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் போல என்று அங்கே பேசிக்கொண்டதாக மனைவியின் காதுக்கு வந்து, அவள் அதை என்னிடம் சொன்னாள். அதனால் மகள் கேமராவை நீட்டியபோது எனக்குப் பயத்தை விட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. கையில் கேமரா இருப்பவன் பேச வேண்டியதில்லை. ஓரமாக நின்றாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கல்யாணங்களில் போட்டோக்காரர்கள் தோளில் சுமக்கிற கறுப்புக் கேமராக்களைப் போல இதுவும் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது என் சாப்பாட்டு டப்பாவை விடச் சிறியது. உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். கூடவே இரண்டு லென்ஸ். ஒன்று, சுவிட்சைப் போட்டதும் ஆமை தலையை நீட்டுவது போல வெளியே வரும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். இன்னொன்று குட்டையானது. அது இழுக்காது, நீளாது, உள்ளதை உள்ளபடி காட்டும். பிறகு பிஸ்கெட் அளவில் இரண்டு பேட்டரி, தலையில் செருகிக்கொள்ள ஒரு சின்ன ஃபிளாஷ், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் வளையம், கழுத்துப் பட்டை, எல்லாவற்றுக்கும் தனித்தனி மூடி. அந்த மூடிகள் பொருந்தும் விதமே எனக்குப் பிடித்திருந்தது. கால் சுற்றுச் சுற்றினால் டக்கென்று உட்கார்ந்துவிடும்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். மெனுவில் இருந்த ஆங்கிலம் பாதி புரியவில்லை. ஆனால் ஃபோர்க்லிஃப்டில் எந்தக் கைப்பிடி எதற்கு என்பதையும் சின்னச் சின்னப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இதிலும் அப்படியே, படம் படமாகப் பார்த்துப் போனேன். கண்ணை வைக்கும் இடத்தில் கண்ணாடி வழியாக வெளியே தெரியும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு குட்டித் தொலைக்காட்சி இருந்தது. சக்கரத்தைத் திருப்பினால் அதில் தெரிகிற மனைவி இருட்டாகிறாள், இன்னும் திருப்பினால் வெளுக்கிறாள். எடுப்பதற்கு முன்பே படம் எப்படி வரும் என்று தெரிந்துவிடுகிறது. இன்னொரு தடவை நில்லுங்கள் என்று யாரிடமும் சொல்ல வாய் வராத ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சத்தமே வராமல் எடுக்கவும் அதில் வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளில் தேநீர் ஆறிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பளபளப்பாக ஒரு சின்னத் தகடு தெரிந்தது. எண்ணெய் படர்ந்த தண்ணீரில் வெயில் பட்டால் வருகிற நிறங்கள் அதில் ஓடின. அதுதான் இதன் கண் என்று நினைத்துக்கொண்டு மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்கு எடுத்துப்போனோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூசைக்கு வைக்கும் எதையும் மூடி வைக்கக் கூடாது. புதுச் சேலையென்றால் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத்தான் வைப்போம். ஆயுத பூசையன்று ஸ்பேனர் பெட்டியின் மூடியைத் திறந்து, சாவிகளைப் பரப்பித்தான் வைப்போம். அதனால் தட்டில் வாழையிலை விரித்து கேமராவின் எல்லா மூடிகளையும் கழற்றினேன். லென்ஸைத் தனியாக, உடம்பைத் தனியாக, வாய் மேலே பார்த்திருக்கும்படி வைத்தேன். பேட்டரி போடும் கதவையும் திறந்து வைத்தேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது அல்லவா.

பூசாரி ஒரு கணம் தட்டைப் பார்த்தார்.

"என்னண்ணே, பிரேக் டவுனா? இப்படிக் கழட்டிப் போட்டிருக்கீங்க?"

எல்லாவற்றுக்கும் படட்டும் என்று மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். அவர் கற்பூரம் காட்டினார். சந்தனம் தொட்டு ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பிறகு ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துத் தட்டின்மேல் தூவினார். பக்கத்தில் நின்ற மின்விசிறி தலையைத் திருப்பிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. திருநீறு புகைபோலப் பரவி எல்லாவற்றின் மேலும் இறங்கியது. நல்லா விழுந்துச்சு என்று மனைவி தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் மனது நிறைந்துதான் இருந்தது.

அன்றே படம் எடுக்க ஆரம்பித்தேன். வீட்டுக்குள் மனைவி, அவள் நறுக்கிய வெண்டைக்காய், வாசலில் காயும் துணி. எல்லாம் நன்றாக வந்தன. மனைவியே வாங்கிப் பார்த்து, தன் கழுத்துச் சுருக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் அழகாக இருக்கிறது என்றாள்.

பதிவு பத்து நாள் கழித்து வந்த திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை வேலை முடிந்து, வெளிச்சத்தில் எடுத்துப் பழகலாம் என்று கடற்கரைப் பக்கம் போனேன். கப்பல், பாரந்தூக்கி, வெள்ளையாக விரிந்த வானம். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானத்தில் சாம்பல் நிறத்தில் நான்கு புள்ளிகள். பறவை என்று நினைத்து இன்னொரு படம் எடுத்தேன். பறவைகள் அதே இடத்தில் இருந்தன.

லென்ஸைச் சட்டையால் துடைத்தேன். நான்கு புள்ளி. லென்ஸை மாற்றினேன். அதே நான்கு. ஃபோர்க்லிஃப்டில் ஒரு கிறீச் சத்தம் வந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். டயரை மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் அது டயரில் இல்லை. அப்படியென்றால் இது உள்ளே இருக்கிறது. போனின் விளக்கை அடித்துப் பார்த்தேன். பளபளக்கும் தகட்டின்மேல் வெள்ளையாக, மாவுபோல, திருநீறு.

அந்த இடத்தில் நான் செய்த காரியத்தை இப்போதும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. வாயால் ஊதினேன். நான்கு ஐந்தாகியது.

அதற்கு மேல் கையை வைக்காமல் மூடிவிட்டேன்.  மகளுக்குப் பதிவு நாளின் படம் என்று வேறொன்றும் இருக்காது. பத்துப் பேரில் யாராவது போனில் எடுப்பார்கள்தான். ஆனாலும், அப்பா எடுப்பார் என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். மனைவியிடமும் சொல்ல முடியாது. பூசை போடச் சொன்னது அவள். சாமி திருநீறே மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால், அதைச் சகுனம் என்று நினைத்துத் தூங்கமாட்டாள். எனக்குச் சகுனத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவள் தூங்காமல் கிடப்பதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் ஜொகூர் பாருவில் ஒரு கேமராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், என் வயது இருக்கும். நான்கைந்து பேர் நின்றதால் அவர்கள் போகும்வரை பேட்டரிகளைப் பார்ப்பது போல நின்றேன். பிறகு கேமராவை மேசையில் வைத்து, வாய் திறக்காமல் லென்ஸைக் கழற்றிக் காட்டினேன். அவர் கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தார். ஓரத்தில் இருந்த சந்தனப் பொட்டையும் பார்த்தார். கோவில் சாம்பலா என்று மலாயில் கேட்டார். தலையாட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி புதுக் கேமரா எதையும் சாமி மேடையில் வைக்காமல் விற்கவே விடமாட்டாள் என்றும், ஊதுபத்திச் சாம்பலைத் தானே எத்தனையோ தடவை துடைத்திருப்பதாகவும் சொன்னார்.

"சாமா சாஜா, பாங்," என்றார். எல்லாம் ஒன்றுதான் அண்ணே என்று அர்த்தம்.

பழைய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மறைத்துக்கொண்டு நிற்குமாம். இந்த வகையில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால்தான் இவ்வளவு சிறியதாக இருக்கிறது, அதனால்தான் லென்ஸைக் கழற்றினால் உள்ளே எல்லாம் திறந்து கிடக்கிறது என்று விளக்கினார். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்து ஒன்றை அழுத்தி அழுத்திக் காற்றடித்தார். ஐந்து இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் எச்சிலாகத்தான் இருக்க வேண்டும். அதை மருந்து வைத்துத் துடைக்க வேண்டும், அந்த வேலை தெரிந்தவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார்.

திங்கட்கிழமை மகளுக்குப் பதிவு என்று சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக ஒரு முழு வாக்கியம் சொன்னது அன்றைக்கு அதுதான் முதல்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குட்டை லென்ஸை மாட்டினார். வெள்ளைச் சுவரை இரண்டு முறை எடுத்துக் காட்டினார். ஒன்றில் இரண்டு புள்ளி. மற்றொன்றில் ஒன்றுமில்லை. லென்ஸின் உள்ளே ஒரு துளை இருக்கிறது, அதை முழுதாகத் திறந்து வைத்தால் தூசியின் நிழல் கரைந்துபோகும், சுருக்கினால் நிழல் விழும் என்றார். வீட்டுக்குள் எடுத்த படங்களில் ஏன் புள்ளி இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த லென்ஸ், இந்த எண், வேறெதையும் தொடாதே என்று சொல்லி, ஒரு துண்டு டேப்பில் 1.8 என்று எழுதிக் கேமராவின் தலையில் ஒட்டினார்.

திரும்பி வரும்போது பாதிப் பாரம் இறங்கியிருந்தது. மீதிப் பாதி வீட்டில் மனைவியை வைத்துப் பழகியபோதுதான் தெரிந்தது. குட்டை லென்ஸ் எதையும் கிட்டே இழுக்காது. ஓரமாக நின்று எடுத்தால் ஆட்கள் தீக்குச்சிகள் போல இருப்பார்கள். முகம் வேண்டுமென்றால் நான்தான் போக வேண்டும்.

"என்னங்க இது, மூக்குக்குள்ள வந்து நிக்கிறீங்க," என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை குளுவாங் போனோம். பதிவு அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசை, பின்னால் கொடி, இரண்டு பக்கமும் நாற்காலி. ஓரமாக நிற்கும் பழைய வழிக்கே போய்விடுவேன் என்று பயந்து, நீளும் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். எடுத்துப் பார்த்தேன். மகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, நடந்தேன்.

அதிகாரி உறுதிமொழி வாசிக்கும்போது மேசையின் முனைவரை போய்விட்டேன். மகள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது ஒரு கை தூரத்தில் இருந்தேன். பேனாவைப் பிடித்ததும் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் அவளுக்கு அப்பாவாக இருந்தும், அவள் எழுதும்போது அவ்வளவு கிட்டே போய்ப் பார்த்ததில்லை. எடுத்தேன்.

சத்தம் வராதபடி வைத்திருந்ததில் இன்னொரு சிக்கல். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எடுத்து முடித்துவிட்டேன். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எடுத்தது அவர்களுக்குத் தெரியவில்லை. சம்பந்திக்கு நெற்றியில் வியர்வை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், நல்ல உயரம். "எடுத்துட்டேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. பத்தாவது தடவை சொல்லும்போது அது என் குரல் போலவே எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கேமராவில் பார்த்தால் முகமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாகத் தெரிந்தது. ஓர் எண் மின்னிக்கொண்டே இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் துளையை முழுதாகத் திறந்து வைக்க முடியாது. சுருக்கினால் புள்ளி வரும். ஒரே வழி நிழல். நான் கையை ஆட்டினேன், யாரும் பார்க்கவில்லை. கிடங்கில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரலில் கத்தினேன்.

"எல்லாரும் நிழலுக்கு வாங்க."

சட்டென்று பேச்சு நின்றது. சம்பந்திதான் முதலில் அசைந்தார்.

"சம்பந்தியே பேசிட்டாரு லா. வாங்க, வாங்க, மறுபடி வாய மூடிக்கப் போறாரு."

எல்லோரும் சிரித்துக்கொண்டே போர்டிகோவுக்குள் வந்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான்கு படம் எடுத்துவிட்டேன். பிறகு பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். 

"ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க," என்றார். "நீங்க பேசமாட்டீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் காஹாங்லேர்ந்து உங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும், என்னத்தப் பேசுறதுன்னு முழிச்சிக்கிட்டே வண்டி ஓட்டுவேன்."

நானும் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. நன்றாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். கட்டடமும் வானமும் தெரிய, அவர்கள் இருவரை மட்டும் வெயிலில் ஒன்று எடுக்க வேண்டுமாம். நிழலிலேயே எடுக்கலாம் என்றேன். ஒன்றே ஒன்று என்றாள். அன்றைக்கு அவளிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி, துளையைச் சுருக்கி, எட்டில் வைத்து எடுத்தேன். அங்கேயே பெரிதாக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் மகள் படங்களையெல்லாம் தன் போனுக்கு மாற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் முகங்களைப் பார்த்தாள், நான் சுவரையும் கூரையையும் பார்த்தேன். ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். கையெழுத்துப் படம், சுத்தம். மோதிரம், சுத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சம்பந்தி, சுத்தம். சில படங்களில் ஒருவர் மட்டும் தெளிவாக, மற்றவர்கள் மங்கலாக இருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. போர்டிகோப் படத்தில் மனைவி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் மகள் நீண்ட நேரம் பார்த்தாள்.

பிறகு கடைசிப் படம். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே நீல வானத்தில் இரண்டு சாம்பல் புள்ளிகள். அவள் விரலால் பெரிதாக்கினாள்.

"இது என்னப்பா?"

மனைவி சமையலறையில் தேநீர் கலந்துகொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, பூசைத் தட்டிலிருந்து கடைக்காரர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் ஊதியதையும் சொன்னேன். 

"என்னடி அது, என்ன புள்ளி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தூசிம்மா," என்றாள் மகள்.

பிறகு போனில் எதையோ திறந்து ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். அந்த இடத்தில் வானம்தான் இருந்தது.

நான்கு நாள் நான் பட்ட பாட்டை நினைத்தேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி... மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா."

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால், நீளும் லென்ஸைப் போட்டுக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் எடுத்து முடித்திருப்பேன். புள்ளிகளை அவள் துடைத்திருப்பாள்.   அவள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொன்னு இருக்கு பாருங்க. நீங்க வைங்க."

என் விரல் தடிமன். மாப்பிள்ளையின் முடியையும் சேர்த்து அழித்துவிடுவேனோ என்று தயங்கினேன். அவள் படத்தை இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தாள். விரலை வைத்தேன். எடுத்தேன்.

மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குப் பேசியும் கத்தியும் தொண்டை காய்ந்திருந்தது, எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தேன்.